எத்தனால் ஆலையின் டிடிஜிஎஸ்ஸைக் கறவை மாட்டுக்குப் போடலாமா?

கேள்வி கேட்டவர் ஈரோடு பக்கம் எட்டு கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறார். வியாபாரி ஒருவர் எத்தனால் ஆலையில் தானியத்திலிருந்து சாராயம் எடுத்த பிறகு மிஞ்சும் உலர்ந்த சக்கையான டிடிஜிஎஸ் (DDGS) மூட்டைகளைக் கடலைப் புண்ணாக்கில் பாதிக்கும் குறைவான விலைக்கு வீட்டிலேயே இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். "சாராய ஆலைக் கழிவைத் தின்ற மாட்டின் பாலில் சாராயம் வருமா? வராது என்றால், புண்ணாக்கை நிறுத்திவிட்டு இதையே போடலாமா?" என்பது அவர் கேட்டது. இரண்டுக்கும் அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: இவ்வளவு மலிவாக வரும் சரக்கில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்க வேண்டுமே, அது எங்கே? கால்நடை உணவியல் படித்து, பல வருடங்களாகப் பண்ணைகளுக்குத் தீவனக் கலவை எழுதிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். இந்தச் சரக்கையும் நிறையவே கையாண்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சாராயப் பயத்தை முடித்துவிடலாம். ஆலை விற்பதே சாராயத்தைத்தான். அதைக் கடைசிச் சொட்டு வரை காய்ச்சி எடுத்த பிறகுதான் மிச்சம் வெளியே வருகிறது. அந்த மிச்சத்தைப் பிழிந்து, வடிநீரைச் சுண்டக் காய்ச்சிக் கூழாக்கி, சக்கையோடு மறுபடி கலந்து, சூடான உலர்த்தியில் ஓட்டினால் கிடைப்பது டிடிஜிஎஸ். அதில் சொல்லத்தக்க அளவு சாராயம் இருக்காது. பீர் ஆலைச் சக்கையில் பயம் இன்னும் குறைவு. அங்கே ஈஸ்ட் போடுவதற்கு முன்பே, இனிப்புச் சாற்றை வடித்ததும் சக்கையை வெளியே தள்ளிவிடுகிறார்கள். பாலில் சாராயம் வராது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மலிவுக்குக் காரணமும் இந்தச் செய்முறையிலேயே இருக்கிறது. ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கிறது, கூடவே ஏறக்குறைய 300 கிலோ சக்கை வந்தே தீரும். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டத்தால் நாடு முழுக்கத் தானிய ஆலைகள் பெருகின. எத்தனாலுக்கு வாங்க ஆள் இருப்பதால் ஆலை ஓடுகிறது, ஆலை ஓடுவதால் சக்கை குவிகிறது. அதை வைத்துக்கொள்ள ஆலைக்காரருக்கு இடம் கிடையாது, விற்றுத்தான் ஆக வேண்டும். ஆகவே, மலிவாக இருப்பதாலேயே சரக்கு கெட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். தானியத்தில் மாவுச்சத்து ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. அதை ஈஸ்ட் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. மீதி மூன்றில் ஒரு பங்கு நம்மிடம் வருகிறது. ஈஸ்ட் தொடாத எல்லாமே அந்த ஒரு பங்குக்குள் மூன்று மடங்காகச் செறிந்துவிடும். மக்காச்சோளத்தில் 8, 9 சதவீதமாக இருந்த புரதம் டிடிஜிஎஸ்ஸில் 27 வாக்கில் வரும். கொழுப்பும் நாரும் பாஸ்பரசும் அப்படியே ஏறும். தானியத்தில் பூஞ்சை நச்சு இருந்திருந்தால் அதுவும் மூன்று மடங்காகும். நல்லதை மட்டும் செறிவாக்கும் வழி அந்த ஆலையில் இல்லை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகும். ஒன்று, டிடிஜிஎஸ்ஸில் மாவுச்சத்து கிட்டத்தட்ட இல்லை. அதனால் கலவையில் இருக்கும் மக்காச்சோளத்தையோ கம்பையோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதைப் போடுவது சரியான மாற்று இல்லை. இரண்டு, புரதம் செறிந்திருப்பதால் இது உட்கார வேண்டிய இடம் புண்ணாக்கின் இடம். அந்த இடத்தில் இது நன்றாகவே வேலை செய்யும். இதன் புரதத்தில் ஏறக்குறைய பாதி முதல் வயிற்றில் கரையாமல் குடலுக்குப் போய்ச் செரிக்கிறது, கறவை மாட்டுக்கு அது லாபம். கடலைப் புண்ணாக்கின் புரதம் முதல் வயிற்றிலேயே வேகமாகக் கரைந்துவிடும் வகை. இரண்டும் சேர்ந்து இருப்பது தனித்தனியாக இருப்பதைவிட மேல். புண்ணாக்கை அடியோடு நிறுத்த வேண்டாம் என்று நான் சொல்வதற்கு ஒரு காரணம் இது. இன்னொன்று, மக்காச்சோளப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, சக்கையிலும் அந்தக் குறை தொடரும்.

எந்தத் தானியத்துச் சரக்கு என்று வியாபாரியிடம் கட்டாயம் கேளுங்கள். குருணை அரிசியில் வந்த டிடிஜிஎஸ்ஸில் புரதம் 40 சதவீதத்தைத் தாண்டும், கொழுப்பு குறைவு. மக்காச்சோளச் சரக்கில் புரதம் 27, 28, எண்ணெயைத் தனியாகப் பிரித்தெடுக்காத ஆலை என்றால் கொழுப்பு 10 வரைக்கும் போகும். இரண்டையும் ஒரே அளவில் போட்டால் கணக்கு தப்பும். கரும்பாலை மொலாசஸில் ஓடும் சாராய ஆலைகள் நம் ஊரில் நிறைய உண்டு. அங்கே வரும் கழிவுநீர் முற்றிலும் வேறு பொருள், அதற்கு நான் சொல்லும் எதுவும் பொருந்தாது.

சரி, எவ்வளவு போடலாம்? 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு, உடம்பைக் காக்க ஒன்றரை கிலோ, இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ என்ற வழக்கமான கணக்கில், நாளுக்கு ஐந்தரை கிலோ அடர்தீவனம் (தானியம், புண்ணாக்கு, தவிடு சேர்ந்த கலவை) வரும். அதில் 15 முதல் 20 சதவீதம், அதாவது சுமார் ஒரு கிலோ டிடிஜிஎஸ் என்பது எனக்கு நிம்மதியான அளவு. நாளுக்கு கால் கிலோவில் ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் அந்த அளவுக்கு வாருங்கள். வெளிநாட்டு ஆய்வுகளில் மாடு தின்னும் மொத்த உலர்பொருளில் (தண்ணீர் நீங்கலான எடையில்) 20 சதவீதம் வரை பால் குறையாமல் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு லோடையும் சோதித்து, காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்திய தரமான பசுந்தீவனச் சைலேஜோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். வைக்கோலும் கொஞ்சம் நேப்பியர் புல்லும் போடும் நம் கொட்டகைக்கு அந்த எண்ணை அப்படியே எடுத்து வர நான் தயங்குவேன்.

அளவு மீறினால் முதலில் அடி விழுவது பாலின் கொழுப்பில். மக்காச்சோள எண்ணெய் முதல் வயிற்றில் நுண்ணுயிர்களிடம் சிக்கி மாறும்போது சில கொழுப்பு அமிலங்கள் உருவாகின்றன, அவை மடியில் கொழுப்பு உற்பத்தியையே தடுத்துவிடும். சக்கையில் நார் உண்டு, ஆனால் அது மாவு போலப் பொடியான நார். அசை போட வைக்காது. அதை நம்பி வைக்கோலையோ சோளத்தட்டையோ குறைத்தால் உமிழ்நீர் குறையும், வயிற்றில் அமிலம் ஏறும், பால் சொசைட்டியில் ஃபேட் இறங்கும். விலையே ஃபேட்டையும் எஸ்என்எஃப்பையும் (பாலில் கொழுப்பும் தண்ணீரும் நீங்கலான சத்து) பார்த்துத்தான் போடுகிறார்கள் என்பதால் தீவனத்தில் மிச்சப்படுத்தியது அங்கே போய்விடும். ஆரம்பித்த மூன்று வாரத்துக்குச் சொசைட்டிச் சீட்டை எடுத்து வைத்துப் பாருங்கள். ஃபேட் தொடர்ந்து இறங்கினால் அளவைக் குறையுங்கள்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தபோது, தீவனத்தில் இருந்த பிரேசில் கடலைப் புண்ணாக்கில்தான் இந்த நச்சை முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். ஆகவே புண்ணாக்குக்கும் இந்தக் குறை உண்டு, சக்கைக்கு மட்டும் உரியது இல்லை. ஆனால் சக்கையில் அது செறிவாகிறது. ஈஸ்ட் அதைத் தின்னாது, காய்ச்சுவதிலும் உலர்த்துவதிலும் அது அழியாது. மனிதர் சாப்பிட லாயக்கற்ற, கெட்டுப்போன தானியத்திலும் எத்தனால் எடுக்க 2018 உயிரி எரிபொருள் கொள்கை இடம் தருகிறது. எரிபொருளுக்கு அது நல்ல ஏற்பாடு. அதன் சக்கை நம் கொட்டகைக்கு வருகிறது என்றால் நாம் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மக்காச்சோளத்தில் 60 பிபிபி (ஒரு பிபிபி என்றால் கிலோவுக்கு ஒரு மைக்ரோகிராம்) இருந்தால் சக்கையில் 180 வாக்கில் வரும். ஒரு கிலோ சக்கையில் 180 மைக்ரோகிராம். மாடு தின்னும் அஃப்ளாடாக்சினின் முக்கிய வகையான பி1இல் 1 முதல் 3 சதவீதம், அதிகம் கறக்கும் மாட்டில் 6 சதவீதம் வரைகூட, எம்1 என்ற வடிவில் பாலுக்குள் போகிறது. 2 சதவீதம் என்று வைத்தால் 3.6 மைக்ரோகிராம், 10 லிட்டர் பாலில் பரவினால் லிட்டருக்கு 0.36. பாலுக்கு நம் நாட்டு உச்சவரம்பு 0.5 மைக்ரோகிராம். புண்ணாக்கிலும் தவிட்டிலும் இருந்து வருவது இதற்கு மேல் சேரும். மாடு பார்க்க நன்றாகவே இருக்கும், நன்றாகவே கறக்கும். அந்தப் பாலைக் காய்ச்சினாலும் எம்1 போகாது, அதைக் குடிப்பது குழந்தைகள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடக் கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு: கெட்ட சரக்கை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும்.

இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பூஞ்சை தெரிந்தால் மூட்டையை ஒதுக்குங்கள், ஆனால் பூஞ்சை தெரியாத மூட்டையில் நச்சு இல்லை என்று சொல்ல முடியாது. உலர்த்தியில் பூஞ்சை செத்திருக்கும், அது விட்டுப்போன நச்சு இருக்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வகம் இருக்கிறது, அங்கே அனுப்பிப் பாருங்கள். நச்சு மூட்டை முழுக்கச் சமமாகப் பரவியிருக்காது. ஒரே மூட்டையின் மேல்பக்கத்துப் பிடியை அனுப்பினால் அந்த முடிவுக்கு அர்த்தமில்லை. பல மூட்டைகளில் மேல், நடு, அடி என்று எடுத்துச் சேர்த்துக் கலக்கி, அதிலிருந்து அரை கிலோ அனுப்புங்கள். கலப்புத் தீவனத்துக்கான இந்தியத் தர நிர்ணயம் பி1க்கு 20 பிபிபி வரை அனுமதிக்கிறது, அது முழுக் கலவைக்கான எண். ஒரு சேர்மானம் அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தாலும் கலவையில் அடங்கலாம், ஆனால் நூறைத் தாண்டிய சரக்கைக் கறவைக்குக் கொடுக்க நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். களிமண் வகை நச்சுப் பிணைப்பான்கள் அஃப்ளாடாக்சினை ஓரளவு பிடிக்கும். மக்காச்சோளத்தில் வரும் மற்றப் பூஞ்சை நச்சுகளிடம் அவற்றின் கை அவ்வளவு நீளாது. பிணைப்பான் போடுவதால் சோதனையைத் தவிர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அடுத்தது யூரியா. இந்தச் சரக்குக்குப் புரதச் சதவீதம் பார்த்துத்தான் விலை. ஆய்வகம் நேரடியாகப் புரதத்தை அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குகிறது. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அந்தக் கணக்கில் 287 சதவீதம் 'புரதம்'. மூட்டைக்கு இரண்டு கை போட்டாலே மட்டச் சரக்கு உயர்சரக்கு ஆகிவிடும். ஈஸ்ட்டுக்கு உணவாக ஆலையே கொஞ்சம் யூரியா போடுவதும் வழக்கம்தான், அதன் மிச்சம் சிறிது இருக்கலாம். ஆனால் சரியாகக் கலக்காமல் ஓரிடத்தில் கட்டியாகத் தங்கிய யூரியாவைத் தின்ற மாடு வயிறு உப்பி, நடுங்கி, சில மணி நேரத்தில் செத்துவிடக்கூடும். வீட்டில் ஒரு தோராயப் பரிசோதனை செய்யலாம். வறுக்காத சோயாபீன்ஸை அரைத்து, ஒரு பிடி சரக்கோடும் வெதுவெதுப்பான தண்ணீரோடும் கலந்து மூடிய பாட்டிலில் அரை மணி நேரம் வையுங்கள். திறந்ததும் நவச்சார நெடி மூக்கில் ஏறினால் யூரியா இருக்கிறது. பச்சை சோயாவில் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும் நொதி உண்டு. நெடி வரவில்லை என்பதால் சுத்தம் என்று ஆகிவிடாது. ஆய்வகத்தில் புரதத்தோடு யூரியாவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறமும் மணமும் சொல்லும் சேதியும் உண்டு. பொன்மஞ்சள் முதல் வெளிர்பழுப்பு வரை, புளித்த மாவின் இனிப்பு வாசத்தோடு இருந்தால் நல்லது. காப்பித்தூள் நிறத்தில் தீய்ந்த வாடை அடித்தால் உலர்த்தியில் கருகியது. புரதச் சதவீதம் காகிதத்தில் அதேதான் இருக்கும், மாட்டுக்குச் செரிக்காது, ஏற்கெனவே குறைவாக உள்ள லைசின் இன்னும் அழிந்திருக்கும். ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மழைக்காலத்தில் உங்கள் வீட்டிலேயே பூஞ்சை பிடிக்கும். கந்தகம் அதிகம் பேர் பேசாத விஷயம். ஆலையில் புளிப்பைச் சரிசெய்யக் கந்தக அமிலம் ஊற்றுகிறார்கள், அது சக்கையில் தங்கும். மொத்தத் தீனியில் கந்தகம் 0.4, 0.5 சதவீதத்தை நெருங்கினால் மாட்டின் மூளையைப் பாதிக்கும் நோய் வரலாம், பார்வை போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். நாளுக்கு ஒரு கிலோ அளவில் இதற்கு வாய்ப்பு குறைவு. உங்கள் போர் தண்ணீரில் சல்பேட் அதிகம் என்றால் இரண்டும் கூடும் என்பதால் தண்ணீரையும் சோதிப்பது நல்லது. பாஸ்பரசும் இதில் அதிகம், தவிட்டிலும் அதிகம், வைக்கோலிலோ சுண்ணாம்புச்சத்து குறைவு. தாது உப்புக் கலவையோடு கொஞ்சம் கால்சைட் பொடியும் சேருங்கள்.

கொடுக்கும் முறையில் ஒரு திருத்தம். புண்ணாக்கை ராத்திரியே ஊறவைத்துத் தண்ணீரில் காட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். டிடிஜிஎஸ்ஸை அப்படி ஊறப் போட வேண்டாம். வெயில் காலத்தில் காலைக்குள் கெட்டுப் புளித்துவிடும். உலர்ந்தபடியே தவிட்டோடு பிசறி, லேசாகத் தண்ணீர் தெளித்துக் கொடுங்கள்.

ஈரச் சக்கையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து வியாபாரி அதைத்தான் கொண்டுவருவார். அதில் 70 சதவீதம் தண்ணீர். கணக்குக்கு உலர் சரக்கு கிலோ 20 ரூபாய், ஈரச் சரக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உலர் சரக்கில் 27 சதவீதம் புரதம் என்றால் ஒரு கிலோ புரதம் 74 ரூபாய். ஈரச் சரக்கில் 9 சதவீதம்தான், அங்கே ஒரு கிலோ புரதம் 89 ரூபாய். பாதி விலைக்கும் கீழே தெரிந்தது உண்மையில் விலை கூடியது. வண்டி வாடகையும் தண்ணீருக்குத்தான் கட்டுகிறீர்கள். நம் வெயிலில் இரண்டு மூன்று நாளில் மேலே பூஞ்சை படரும். ஆலைக்குப் பக்கத்தில் இருந்து, தினமும் புதுசாக ஏற்றி அன்றன்றே தீர்க்க முடிந்தால் அருமையான தீவனம், மாடு விரும்பித் தின்னும். இல்லையென்றால் டிரம்மில் காற்றுப் புகாமல் அழுத்தி மூடிச் சைலேஜ் போல வைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

"சாராய ஆலைப் பால் கெட்டது" என்ற பேச்சுக்கு ஒரு பழைய வரலாறும் உண்டு. 1850களில் நியூயார்க்கில் சாராய ஆலைகளை ஒட்டியே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் கூழை நேராகத் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். புல், வைக்கோல் எதுவும் கிடையாது. மாடுகள் புண்ணாகி, பல் விழுந்து, வால் அழுகிச் சாகிற நிலையிலும் கறந்தார்கள். நீலம் பாய்ந்த அந்தப் பாலைச் சுண்ணாம்புத்தூள் கலந்து வெள்ளையாக்கிக் குழந்தைகளுக்கு விற்றார்கள். 1858இல் ஃபிராங்க் லெஸ்லியின் படப் பத்திரிகை அதைப் படம் போட்டு அம்பலமாக்கியது. அங்கே நடந்தது, ஒரு துணைத் தீவனத்தை முழு உணவாக்கி, வெளிச்சமும் காற்றும் இல்லாத இடத்தில் மாட்டைக் கட்டிப்போட்ட கொடுமை. அதே சக்கையைப் புல்லோடும் தானியத்தோடும் அளவாகக் கொடுத்து ஸ்காட்லாந்தில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்க்கிறார்கள்.

அந்த ஸ்காட்லாந்திலும் மால்ட் விஸ்கி ஆலையின் வடிநீர் கலந்த சக்கையைச் செம்மறிக்குக் கொடுக்க மாட்டார்கள். செம்புக் கொப்பரையில் காய்ச்சுவதால் செம்பு இறங்கியிருக்கும், மாடு தாங்கும், செம்மறியின் ஈரல் தாங்காது. இதைச் சொல்வதற்குக் காரணம், கொட்டகையில் ஆடும் இருந்தால் மாட்டுத் தீவனத்தை அதற்கும் அள்ளிப் போடுவது நம் வழக்கம். வெள்ளாட்டுக் கிடாவுக்கு இந்தப் பாஸ்பரஸ் சிறுநீர்க் கல்லை வரவழைக்கும். கோழிக்கு 5 முதல் 10 சதவீதம் வரை பண்ணைகளில் கலக்கிறார்கள், லைசினைத் தனியாகச் சேர்த்து. வாத்துக்கு வேண்டவே வேண்டாம், அஃப்ளாடாக்சினை அதனால் துளியும் தாங்க முடியாது.

பால் கூடுமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போது உங்கள் மாட்டுக்குப் புரதம் குறைவாக இருந்தால் கூடும். போதுமான அளவு இருந்தால் அதே பால், கொஞ்சம் குறைந்த செலவில், அவ்வளவுதான். சினை பிடிக்காமல் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். பூஞ்சை நச்சு கலந்த சரக்கில் அதற்கு வாய்ப்பு உண்டு, நல்ல சரக்கையே காரணம் காட்டும் அளவுக்கு ஆதாரம் நான் பார்க்கவில்லை. சினை பிடிக்காத மாடு என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதல் தடவை ஐந்து மூட்டைக்கு மேல் வாங்க வேண்டாம். ஆலையின் பெயர், தானியம், உற்பத்தித் தேதி மூன்றும் மூட்டையில் இருக்கிறதா பாருங்கள். சொல்ல மறுக்கும் வியாபாரியிடம் என்ன விலைக்கும் எடுக்காதீர்கள். ஆய்வு முடிவு வந்ததும் ஈரம், புரதம், கொழுப்பு, யூரியா, பி1 எண்களையும், எட்டு மாட்டின் பால் அளவையும், இப்போது போடும் தீனியையும் இங்கேயே எழுதுங்கள். புண்ணாக்கை எத்தனை கிலோ குறைக்கலாம் என்று மாட்டுக்கு மாடு கணக்குப் போட்டுத் தருகிறேன்.